இருபதுக்கு நாலு

ஏழாயிரத்து முன்னூற்று எண்பது. விதைக்கடை மச்சினன் நாற்றுக்காரம்மாவின் கையில் எண்ணி வைத்த தொகை அது. நூறும் ஐம்பதும் போதாமல் கல்லாவின் அடியில் கிடந்த சில்லறையையும் வழித்துச் சேர்த்தான். எண்ணும்போது அவன் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. கொடுத்தவன் அவன்தான், ஆனால் கொடுத்திருக்க வேண்டியவர் வேறொருவர். அந்த ஆள், மச்சினனின் அக்கா புருஷன், அதே கடையில், தராசுக்குப் பக்கத்தில், தட்டில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கீரை விதையை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றிருந்தார்.

அவரைத் தெருவில் கம்பி என்று கூப்பிடுவார்கள். இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி அவரோடேயே இருக்கும். தொழிலாளர் விடுதியின் பின்பக்கம் செங்கல் அடுக்கிய ஆறு தொட்டிகளில் அவர் உரம் போடுகிறார். விடுதியில் நானூறு பேருக்கு மூன்று வேளை சமையல். காய்த்தோல், முட்டை ஓடு, டீத்தூள் சக்கை, தட்டில் மிஞ்சியது எல்லாம் நீல டிரம்மில் வரும். அதை அப்புறப்படுத்துவதுதான் அவர் கொடுக்கும் விலை, உரம் அவருடையது. ஒரு வரிசை கழிவு, மேலே ஒரு வரிசை காய்ந்த இலை, கொஞ்சம் மரத்தூள். வாரம் இரண்டு தடவை முள்வாரியால் அடிமேலாகப் புரட்ட வேண்டும். முதுகு அதற்குள் அடிமேலாகிவிடும்.

குவியலின் நடுவில் கம்பியைச் செருகி, ஒரு பீடி பிடிக்கிற நேரம் விட்டு, உருவி உள்ளங்கையில் பிடிப்பார். சுட்டால் உள்ளே இன்னும் வேகிறது, குளிர்ந்திருந்தால் ஆறிவிட்டது. தலைமைச் சமையல்காரர் ஜன்னல் வழியாகக் கிண்டல் செய்வார்.

"என்ன கம்பி, நான் சமைச்சு இறக்கி மூணு மணி நேரம் ஆச்சு. உன் அடுப்பு மூணு மாசமா எரியுதே, விறகு யாரு குடுக்கறா?"

"நீ அரைவேக்காட்டுல இறக்கினா ஒரு நாள் வயித்துவலி. நான் இறக்கினா ஒருத்தங்களுக்கு ஒரு பருவமே போயிடும்" என்பார் கம்பி.

இப்படியெல்லாம் வக்கணையாகப் பேசியவர்தான்.

கம்பியை மட்டும் நம்பிவிடுகிற ஆள் இல்லை அவர். ஒவ்வொரு தொட்டியையும் விற்பதற்கு முன்னால் ஒரு பிஸ்கட் டப்பாவில் அந்த உரத்தை மண்ணோடு பாதிக்குப் பாதி கலந்து, மச்சினன் கடையிலிருந்து வாங்கிய விதையில் இருபதை எண்ணிப் போட்டு, வீட்டுச் சமையலறை ஜன்னலில் வைப்பார். தண்ணீர் தெளிப்பது அவர் மனைவி. பதினெட்டு வந்தால் மூட்டை கட்டலாம். குறைந்தால் குவியல் இன்னும் காத்திருக்க வேண்டும். வெந்து ஆறின உரமென்றால் விதை சும்மா முளைக்காது, சொன்ன நாளைக்கு இரண்டு நாள் முன்னதாகவே தலை காட்டும், தண்டு தடிப்பாக வரும். "கம்பி அண்ணன் உரத்துல விதை கதவைத் தட்டாமலே வெளிய வருது" என்று நாற்றுக்காரம்மா எல்லோரிடமும் சொல்வார். ஒன்பது வருடமாக அவருடைய குழித்தட்டுகளுக்கு இந்த உரம்தான்.

அந்தத் தடவை அவர் முப்பது மூட்டை கேட்டார். ஆறின தொட்டிகள் இரண்டும் ஏற்கெனவே காலி. ஐந்தாம் தொட்டி இன்னும் ஆறு வாரம் கேட்கும்.

"லாரிக்காரர் ஒருத்தர் நாளைக்கே இறக்கறேங்கறார். நான்தான் கம்பி அண்ணனைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு நிறுத்தி வெச்சிருக்கேன்" என்றார் நாற்றுக்காரம்மா.

"அடுத்த வியாழக்கிழமை இறக்கிடறேம்மா" என்றது கம்பியின் வாய்.

பேராசை என்று சொன்னால் கூட ஒரு கௌரவம் இருக்கும். அதுவும் இல்லை. 'இல்லை' என்ற சொல் வராத வாய், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே ஐந்தாம் தொட்டியில் கம்பியைச் செருகி எடுத்தார். உள்ளங்கை சுட்டது. மூக்கை வைத்தால் முதல் மழை பட்ட மண்ணின் வாசம் வர வேண்டும்; வந்தது புளித்த நெடி. இருந்தும் டப்பா வைத்தார், டப்பாவாவது தன் பக்கம் பேசாதா என்று.

புதன்கிழமை காலை மனைவி ஜன்னலில் குனிந்து எண்ணினாள். எதையும் எண்ணாமல் விடுகிறவள் இல்லை அவள். மாடிப்படியைக்கூட எண்ணித்தான் ஏறுவாள்.

"என்னங்க, இருபதுக்கு நாலுதான் வந்திருக்கு. தம்பி கடை விதையா இது?"

"ம்" என்றார் கம்பி, டீயைப் பார்த்தபடி.

டப்பா எதற்கு என்று அவள் கல்யாணமான புதிதில் கேட்டிருந்தாள். "முளைக்குதான்னு பார்க்கத்தான்" என்று சொல்லியிருந்தார். அவர் விதையைச் சோதிக்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். உரத்தைச் சோதிக்கிறேன் என்று அவர் திருத்தவில்லை. திருத்த அவசியம் வந்த ஒரே நாளில் "ம்" என்றார்.

வியாழக்கிழமை முப்பது மூட்டையும் நாற்றுப் பண்ணைக்குப் போயின. மூட்டைக்குள்ளேயே ஆறிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காற்று புகாத மூட்டையில் ஆறாது, புளிக்கும். ஒன்பது வருடமாக மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

மூன்றாம் வாரம் நாற்றுக்காரம்மா இரண்டு தட்டுகளைத் தூக்கிக்கொண்டு விதைக்கடைக்கு வந்தார். முப்பத்தெட்டுத் தட்டு தக்காளி விதைத்ததில் குழிக்குக் குழி வெறும் மண். அந்த நேரம் கம்பியும் மனைவியும் கடையில்தான் இருந்தார்கள். அம்மா ஒரு குழியைக் குச்சியால் கிளறிக் காட்டினார். விதை வாய் திறந்து, வேர் நுனி எட்டிப் பார்த்து, அப்படியே பழுத்துக் கருகியிருந்தது. செத்த விதை வாய் திறக்காது. இது உயிரோடு வெளியே வந்து வெந்துபோன விதை. பார்த்த நொடியில் கம்பிக்குத் தெரிந்துவிட்டது.

"உரத்துல ஏதாவது..." என்று இழுத்தான் மச்சினன்.

"கம்பி அண்ணன் உரத்தைக் குத்தம் சொன்னா நாக்கு அழுகிடும் தம்பி. ஒம்போது வருஷம்! உன் விதைதான் செத்த விதை."

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். அதுதான் வினையாகப் போனது.

"தம்பி, எனக்கும் மனசு கேக்கலடா. ஆனா எங்க வீட்டு டப்பாவிலயும் இருபதுக்கு நாலுதான் வந்துச்சு. நான்தான் எண்ணினேன்."

கடையில் நின்ற நாலு பேரும் திரும்பினார்கள். மச்சினன் கடைசியாக இவர் பக்கம் வந்தான். "மாமா, நீங்க சொல்லுங்க."

"டப்பாவில வரலதான்" என்றார் கம்பி.

ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அப்படிச் சுத்தமான ஒரு பொய்யை அவர் அதற்கு முன் சொன்னதில்லை. மச்சினன் கல்லாவைத் திறந்தான்.

அதன் பிறகு அவன் அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் வந்து, வாசலுக்குப் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "என்னக்கா, சர்க்கரை விலை ஏறிடுச்சா, டீ இப்படி இருக்கு?" என்று வம்பிழுப்பவன். அவள் கரண்டியோடு வெளியே வருவாள். இப்போது அந்த நாற்காலியில் மடிக்காத துணி குவிந்து கிடந்தது. கடையில் வியாபாரமும் படுத்துவிட்டது. அவன் விதை முளைக்காது என்பதற்கு அவனுடைய சொந்த அக்காவே சாட்சி. இதைவிட என்ன விளம்பரம் வேண்டும்?

முழுப் பூசணிக்காயை உரக்குவியலில் மறைத்தால் மூன்று மாதத்தில் இருந்த இடம் தெரியாமல் மக்கிவிடும். கம்பியின் காரியம் நாலு மாதமாகியும் மக்கவில்லை. முள்வாரி போட்டுப் புரட்டும்போதெல்லாம் அதுதான் மேலே வந்தது.

நாலாம் மாதக் கடைசியில் ஒரு நாள் காலை மனைவி கொல்லைப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வந்து பாருங்க. செத்த விதை எழுந்து உக்காந்திருக்கு."

போன வாரம் சமையலறை அலமாரியைத் துடைத்தபோது அந்தப் பாதிப் பாக்கெட் கிடைத்திருக்கிறது. டப்பாவுக்கு எடுத்தது போக மிச்சம். எதற்கும் உதவாத விதை என்று, பிடி உடைந்த வாளியில் அவர் போட்டு வைத்திருந்த பழைய உரத்தின் மேல் கொட்டியிருக்கிறாள். இப்போது வாளி விளிம்பு வரை பச்சை. ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, கொட்டை ஓட்டைத் தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு நின்றன.

"அறுபத்து மூணு வரைக்கும் எண்ணினேன், அப்புறம் கண்ணு பின்னிடுச்சு. இது எப்படிங்க?"

"சில விதை தூங்கும்" என்றார் கம்பி. "அப்புறம் முழிச்சுக்கும்."

சொல்லும்போதே காது மடல் கொதித்தது. குவியலின் சூட்டைப் பார்க்கக் கம்பி வேண்டும். இதற்கு அதுவும் தேவையில்லை.

அவள் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். தலையை வாரி முடிந்துகொண்டு வந்து செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"தம்பி கடைக்கு. விதை நல்ல விதைங்க. நான் பொய்ச் சாட்சி சொல்லி அவன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டேன். நாலு பேர் முன்னாடி சொன்னேன், நாலு பேர் முன்னாடியே அவன்கிட்ட திட்டு வாங்கிக்கறேன். கால்ல விழச் சொன்னாலும் விழறேன்."

தம்பி காலில் அக்கா விழுவதா? அவள் வாசலைத் தாண்டியிருந்தால் கம்பி என்றென்றைக்கும் தப்பித்திருப்பார். பழி இடம் மாறி, அவள் தலையில் போய் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். அந்த எண்ணம் ஒரு கண நேரம் அவருக்குள் இனித்தது. இனித்தது என்பதைத்தான் பிற்பாடு அவரால் தாங்க முடியவில்லை.

"போகாதே" என்றார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "உரம் வேகல. டப்பா சோதிச்சது உரத்தை, விதையை இல்ல. கம்பி சுட்டுச்சு. தெரிஞ்சுதான் இறக்கினேன்."

அவள் மடிக்காத துணி மேலேயே நாற்காலியில் உட்கார்ந்தாள். அடியில் கிடந்த ஒரு துண்டை இழுத்து மடித்தாள், பிரித்து மறுபடி மடித்தாள். திட்டினால் நன்றாக இருக்குமென்று இருந்தது அவருக்கு.

"அன்னைக்கு நான் கேட்டப்போ 'ம்'னீங்களே" என்றாள் கடைசியில். "நான் அதை நம்பித்தான் எண்ணிக்கை சொன்னேன்."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். வாளியைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"தூக்கிட்டுப் போங்க. நான் வரல. நான் வந்தா நீங்க என் பின்னாடி நிப்பீங்க."

கடையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று கம்பி வாளியோடு மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒதுங்கினார். இரண்டு பேர் போனார்கள், இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களும் போகட்டும் என்று காலை மாற்றி நின்றபோதுதான், தான் யாருமில்லாத கடைக்காகக் காத்திருப்பது அவருக்கே உறைத்தது. மச்சினனின் மானம் போனபோது கடை காலியாகவா இருந்தது? வாளியைத் தூக்கித் தராசின் மேல் வைத்தார். முள் ஆடியது.

"இது உன் விதை மாப்ள. டப்பாவுக்குப் போட்ட அதே பாக்கெட்டு. நாத்துக்காரம்மா தட்டுல கருகினது என் உரத்தால. வேகாத உரம்னு தெரிஞ்சுதான் குடுத்தேன். உங்க அக்காவுக்கு எதுவும் தெரியாது."

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. ஒரு பெரியவர் பையை மடித்துக்கொண்டு வெளியே போவதா இருப்பதா என்று தெரியாமல் நின்றார். மச்சினன் அளந்துகொண்டிருந்த கீரை விதையை அளந்து முடித்து, பொட்டலம் கட்டி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"கம்பி நீட்டறவங்களைப் பார்த்திருக்கேன்" என்றான். "கட்டினவளை முன்னாடி நீட்டிட்டு நிக்கறவரை இப்பதான் பார்க்கறேன்."

மாமா என்ற சொல்லை விட்டுவிட்டான். கம்பி அதைக் கவனித்தார்.

"அந்தப் பணத்தை மாசா மாசம் கொஞ்சமா..."

"எனக்கு எதுக்கு? நான் உங்களுக்கா கடன் குடுத்தேன்? அந்தம்மாகிட்ட போங்க. நான் வித்தது நல்ல விதைதான்னு அவங்க வாயால வரட்டும். வாளியை எடுங்க, தராசு வேணும்."

நாற்றுப் பண்ணையில் அம்மா பூவாளியால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கம்பி சொல்லி முடிக்கும் வரை அவர் கை நகரவே இல்லை. ஒரே தட்டில் தண்ணீர் விழுந்து, குழி நிரம்பி, மண் வழிந்து காலில் கொட்டியது.

"'அம்மா, இன்னும் ஆறு வாரம் ஆகும்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணே?"

"லாரிக்காரர் உரம் வாங்கிடுவீங்களோன்னு..."

"வாங்கியிருப்பேன். அடுத்த பருவம் உங்ககிட்டதான் வந்திருப்பேன்." பூவாளியைக் கீழே வைத்தார். "நான் அந்தப் பையனை என்னென்ன பேசினேன் தெரியுமா? உங்களை நம்பிப் பேசினேன்."

அன்று மாலையே அம்மா விதைக்கடைக்குப் போய், வாங்கின ஏழாயிரத்து முன்னூற்று எண்பதையும் திருப்பி வைத்துவிட்டு, நல்ல விதைதான், நான்தான் தப்பாகப் பேசினேன் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு வந்தார். கடன் இப்போது வர வேண்டிய வாசலுக்கு வந்துவிட்டது. கம்பியிடம் பணமாக இல்லை என்று அவருக்குத் தெரியும். மூட்டை நூற்று எண்பது வீதம் நாற்பத்தொரு மூட்டை, ஆறின உரம், என்று முடிவானது. பண்ணைக் கொட்டகைச் சுவரில் பென்சிலால் நாற்பத்தொரு கோடு போட்டார்.

முதல் நடையாகக் கைவண்டியில் ஏழு மூட்டை வந்தது. கம்பி அவிழ்க்கப் போனார்.

"அவிழ்க்காதீங்க. வாசல் கேட்டுப் பக்கம் இறக்குங்க." ஒரே ஒரு மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார் அம்மா. அலமாரியிலிருந்து டப்பா எடுத்தார். ஒன்று இல்லை, இரண்டு. ஒன்றில் சலித்த வெறும் மண், இன்னொன்றில் மண்ணும் உரமும் பாதிக்குப் பாதி. இரண்டிலும் ஒரே பாக்கெட் விதை, இருபது இருபது.

"ஒரு டப்பா வெச்சா அது யார் மேல வேணா சாட்சி சொல்லும் அண்ணே. ரெண்டு வெச்சாத்தான் எது குத்தம்னு தெரியும்."

ஒன்பது வருடமாக டப்பா வைத்தவருக்கு இது தோன்றியதே இல்லை. தோன்றியிருந்தாலும், அந்தப் புதன்கிழமை இரண்டாவது டப்பாவை வைத்திருப்பாரா என்று அவருக்கே நிச்சயமில்லை.

எட்டு நாள் அந்த ஏழு மூட்டையும் அவிழ்க்காமல் கேட்டுப் பக்கத்தில் கிடந்தன. ஒவ்வொரு மூட்டையிலும் கம்பியின் சாக்பீஸ் குறி. விடுதிக்குப் போகவும் வரவும் அதுதான் வழி. போகிறவர்கள் "என்ன கம்பி, மூட்டை விசாரணையில இருக்கா?" என்பார்கள். அவர் சிரித்து வைப்பார். எட்டாம் நாள் அம்மா எண்ணி, சுவரில் ஏழு கோட்டை அடித்த பிறகுதான் மூட்டை உள்ளே போகும், அடுத்த ஏழு வரும். ஒவ்வொரு தடவையும் கம்பி நின்று பார்த்தார். மூன்றாம் நடை உரத்தில் விதை இருபதும் முளைத்தது. அம்மா கோட்டை அடித்துவிட்டுத் தண்ணீர் விடப் போனார். முன்பானால் கூப்பிட்டுக் காட்டியிருப்பார்.

வீட்டில் ஜன்னலில் இப்போது டப்பா இல்லை. மனைவி ஜன்னலைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தாள். டீ கொடுத்தாள், சாப்பாடு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். எண்ணிக்கை மட்டும் எதையும் அவரிடம் சொல்வதில்லை.

ஆறாவது நடை, கடைசி ஆறு மூட்டை. எட்டாம் நாள் கம்பி பண்ணைக்குப் போனபோது மச்சினன் சைக்கிளில் விதைப் பெட்டியோடு வந்து நின்றிருந்தான். அம்மா மறுபடியும் அவனிடமே வாங்க ஆரம்பித்திருந்தார். கம்பி திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தார். அதற்குள் அம்மா டப்பாவைத் தூக்கிவிட்டார்.

"பத்தொம்போது."

கம்பி எட்டிப் பார்த்தார். ஒரு மூலை வெறுமையாக இருந்தது.

"ஒண்ணு வரல" என்றார்.

"அதனால என்ன அண்ணே? பதினெட்டுக்கு மேல வந்தா உங்க கணக்குலயே பாஸ்தானே?"

"அந்த ஒண்ணு உரக் குத்தமாத்தான் இருக்கும். இன்னொரு மூட்டை போடறேன்."

யாரும் கேட்காத மூட்டை. அம்மா பதில் சொல்வதற்குள் மச்சினன் குனிந்து மண் டப்பாவை எண்ணினான். அக்காவைப் போலவே விரலால் ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினான்.

"வெறும் மண்ணுல பதினாறுதான் வந்திருக்கு, அதுவும் நோஞ்சானா. உரத்துல பத்தொம்போது." நிமிர்ந்தான். "வராத ஒண்ணு என் விதை மாமா. பாக்கெட்டுலயே போட்டிருக்கு, நூத்துக்குத் தொண்ணூறுதான்னு. எல்லாக் குத்தத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டா நாங்க எதுக்குக் கடை வெச்சிருக்கோம்?"

கம்பி குனிந்து மண் டப்பாவைத் தானும் எண்ணினார். மன்னிப்பு என்றுகூட அதைச் சொல்ல முடியாது. ஒரு விதையளவு இடம் விட்டான், அவ்வளவுதான். அதற்கே அவரால் தலையைத் தூக்க முடியவில்லை.

மச்சினன் சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டான்.

"ஞாயித்துக்கிழமை அக்கா வீட்லதானே இருப்பா?"

"ம்" என்று வந்ததைக் கம்பி உதட்டிலேயே விழுங்கினார்.

"இருப்பா மாப்ள. அஞ்சு மாசத்துக்கு மேல நீ வரல. ஒவ்வொரு வாரமும் வாசலைப் பார்த்துட்டுதான் இருக்கா. வராம போனது என்னாலதான்."

அவன் பெடலை மிதித்தான். நாற்றுக்காரம்மா பென்சிலை நக்கி, சுவரில் மீதியிருந்த ஆறு கோட்டையும் ஒரே இழுப்பில் அடித்தார். சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்து கம்பியின் தோளில் விழுந்தது.

"முடிஞ்சுது அண்ணே" என்றார்.

கம்பி ஆறு மூட்டையையும் ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.